எங்கள் ஜீனைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் எங்களுக்கும் நாற்காலி போடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். பிறவியிலேயே எனக்கு ஹீமோபிலியா ஏ, கடுமையான வகை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் ஃபேக்டர் என் உடம்பில் இல்லை என்றே சொல்லலாம். சின்ன வயதில் மூட்டுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்ததில் வலது முழங்கால் மடங்கினபடியே நின்றுவிட்டது. ஊன்றுகோல் வைத்து நடக்கிறேன். பிழைப்புக்கு இ-சேவை மையம் நடத்துகிறேன். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போட வருகிறவர்கள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் மனசில் உள்ளதைப் பேசுவார்கள். அதனால் இந்த மடலில் என் குரலோடு அவர்கள் குரலும் கலந்திருக்கும்.

ஜீன் (மரபணு) சிகிச்சை, ஜீன் திருத்தம், கருவிலேயே நோய் கண்டுபிடிக்கும் சோதனை என்று மருத்துவம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த நோயை எப்படி ஒழிப்பது, எந்தச் சிகிச்சையை யார் மேல் முதலில் சோதிப்பது, எந்தக் கருவைப் பற்றி ஒரு தாயிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் முடிவாகி, வழிகாட்டு நெறிமுறையாக எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேருகிறது. அந்த முடிவை எடுக்கிற இடத்தில் எங்களைப் போன்றவர்களும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. அதை உங்களுக்கு நினைவுபடுத்தத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இந்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. எங்களுக்கு அது சீக்கிரம் வர வேண்டும்.

2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்களை எடுத்து, எட்டாம் ஃபேக்டரை உண்டாக்கும் ஜீனை அவற்றில் ஏற்றி, அவரவர் உடம்புக்கே திரும்பச் செலுத்தியிருக்கிறார்கள். பிறகு கவனித்த காலம் முழுக்க அந்த ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவே இல்லை. எங்கள் ஊரிலிருந்து வேலூர் ஒன்றும் தூரதேசம் இல்லை, காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஃபேக்டர் மருந்து ஒரு குப்பியில் பொடியாக வரும், கலக்கும் நீர் இன்னொரு குப்பியில். நீரை விட்டபின் அவசரப்பட்டுக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அந்த நேரத்தில் முழங்காலுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு குறுகுறுப்பு, அப்புறம் சூடு, அப்புறம் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு வீங்கும். வலியில் கை நடுங்கினாலும் குப்பியை நிதானமாகத்தான் உருட்ட வேண்டும். இன்றைக்கு அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இதைக் கொண்டுவந்த அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் குடும்பங்கள் கடன்பட்டவை. என் தாய்மாமன் காலத்தில் இது கிடையாது. பல் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தார். ஆகவே, ஒரே சிகிச்சையில் இது ஓய்ந்துவிடும் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

ஆனாலும் எனக்குப் பயம் உண்டு. எங்கள் நோய்க்காரர்கள் மேல் என்னென்ன சோதித்துப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் ஹீமோபிலியாக்காரர்களுக்குக் கொடுத்த ஃபேக்டரில் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கலந்து வந்தன. அந்த மருந்தாலும் ஏற்றிய ரத்தத்தாலும் அங்கே 30,000 பேருக்கு மேல் தொற்று வந்தது, ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் நடந்த விசாரணையின் அறிக்கை 2024 மே மாதம் வெளியானது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தங்கிப் படித்த ஒரு பள்ளியில், ஹீமோபிலியா உள்ள சிறுவர்களை அவர்கள் பெற்றோருக்கும் சரியாகச் சொல்லாமல் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்றுகூட நான் நினைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையில், யாரையும் கேட்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை மூன்றையும் 21 வகை மாற்றுத்திறன்களில் சேர்த்தது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை எந்த ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதானாலும் அவருக்குப் புரியும் வழியில் சொல்லி, அவர் மனமொப்பிக் கொடுக்கும் சம்மதம் வேண்டும். அதோடு அரசு அமைக்கும் ஆராய்ச்சிக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ, பதிவு பெற்ற அவர்களுடைய அமைப்புகளின் உறுப்பினர்களோ இருக்க வேண்டும். பேருக்கு ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து போட்டோ எடுப்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. பாதி நாற்காலி எங்களுடையது.

வேலூரில் செய்த மாதிரி சிகிச்சையில், மாற்றிய செல்களைத் திரும்பச் செலுத்துவதற்கு முன் எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கக் கடுமையான மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வகை மருந்துகளால் பிள்ளை பெறும் திறன் பாதிக்கப்படலாம். கல்யாணம் ஆகாத இருபத்திரண்டு வயதுப் பையனிடம் இதை யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் உட்கார்ந்து சொல்வார்கள்? கல் குவாரியில் வேலை பார்க்கும் அவனுடைய அப்பா கையெழுத்துப் போடும் படிவத்தில் இது எந்தப் பக்கத்தில் இருக்கும்? இந்தக் கேள்வியை ஒரு மருத்துவர் கேட்பதற்கும், வாழ்நாள் முழுக்க ஊசிக்குக் கை நீட்டியவன் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. நான் கேட்டால், பதில் கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஹீமோபிலியா உள்ள ஆணுக்குப் பிறக்கும் மகன்களுக்கு இந்த நோய் போகாது. மகள்கள் எல்லோரும் கேரியர், அதாவது அந்த ஜீனைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்கள். என் மகளும் அப்படித்தான். அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு ஹீமோபிலியா வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவள் மாசமாக இருந்தபோது ஸ்கேனுக்குத் துணையாக நானும் போனேன். சுவரில் வழக்கமான பலகை மாட்டியிருந்தது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, கேட்பதும் குற்றம் என்று. மருத்துவர் அம்மா நல்ல மாதிரி. பொறுமையாகத்தான் பேசினார். எங்கள் குடும்ப விவரத்தைக் கேட்டுக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரு சோதனை செய்துகொள்ளலாம், பாலினத்தோடு சேர்ந்து வரும் மரபு நோய் என்பதால் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்றார். அதுவரைக்கும் சரி. அப்புறம் என் ஊன்றுகோலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "இருந்துச்சுன்னா எடுத்துடலாம்மா. பார்த்துப் பார்த்து வளர்ந்தவதானே நீ. இன்னொரு உசுரு எதுக்குக் கஷ்டப்படணும்?"

என் மகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "இப்ப பொறக்குற பிள்ளைக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா ஊசி போட்டா கசிவு வராம வெச்சிக்கலாம் மேடம்?" என்று கேட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. நாளொன்றுக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறவர். ஆனால் அவர் பார்த்துவிட்டுப் பேசியது என் முழங்காலை. அது 1980களின் முழங்கால். ஃபேக்டர் இல்லாத காலத்தில், ஐஸ் கட்டியும் மரப்பலகைக் கட்டுமாகக் கிடந்த பையனின் முழங்கால். இன்றைக்குக் கசிவு வருவதற்கு முன்பே தடுக்கும் முறை இருக்கிறது. எமிசிசுமாப் என்ற மருந்தைத் தோலுக்கு அடியில் வாரம் ஒரு முறை, சிலருக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டாலே போதும். சின்ன வயதிலேயே தொடங்கி ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கு என் கால் மாதிரி ஆக வேண்டிய அவசியமே இல்லை. அந்த அறையில் என் மகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான். அவளுக்குக் கிடைத்ததோ அறுபது நொடியில் ஒரு தீர்ப்பு, சாட்சிக்கு அப்பாவின் கால்.

அவளும் மாப்பிள்ளையும் கடைசியில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவர்கள் வீட்டு விஷயம். ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றி எடுக்கும் முடிவுக்குக் குறுக்கே சட்டத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவும் நான் வரவில்லை. அப்படிக் கேட்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நான் கேட்பது, அந்த முடிவை எடுக்க அவளுக்கு முழு விவரமும் கொடுங்கள், முடிவை முன்கூட்டியே எழுதி அவள் கையில் திணிக்காதீர்கள் என்பதைத்தான்.

2021இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது பொதுவாக 20 வாரம், சில பிரிவினருக்கு 24 வாரம் என்று வைத்தார்கள். கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் மட்டும் வார வரம்பே கிடையாது. அந்தக் குழுவில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் இருப்பார்கள். அந்தக் குறைபாட்டோடு வாழ்கிற ஒருவர், அல்லது அப்படி ஒரு பிள்ளையை வளர்த்த ஒரு தாய், அந்தப் பெண்ணோடு ஐந்து நிமிஷம் பேச அங்கே வழி இல்லை. உயிர் தரிக்கவே வாய்ப்பில்லாத கருக்களும் உண்டு, அந்தப் பெண்களின் வேதனையை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனால் காது கேளாமை, குள்ளம், டவுன் சிண்ட்ரோம், ஹீமோபிலியா எல்லாவற்றையும் அதே பட்டியலில் தள்ளிவிட்டு, ஆளுக்கு ஆள் மனம் போனபடி ஆலோசனை சொன்னால், உயிரோடு இருக்கும் எங்களைப் பார்த்து நீங்கள் தவறிப்போய்ப் பிறந்தவர்கள் என்று சொல்வதாகத்தான் அர்த்தம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரன் இதைச் சொல்வதில் ஒரு காரணம் இருக்கிறது. 2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டம். பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன மாவட்டம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, பின்னால் இங்கேயும் தொட்டில் வைத்தார்கள். கள்ளிப்பால் ஓய்ந்த பிறகும் கதை ஓயவில்லை. கையடக்க ஸ்கேன் கருவி வந்தது. 1994இலேயே சட்டம் போட்டும், வீட்டுக்குள் கருவியை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லிக் காசு பார்த்தவர்கள் அண்மை ஆண்டுகளில்கூட தர்மபுரிப் பக்கம் கைதாகியிருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களிடம் எந்த அதிகாரியும் போய்ப் பெண் பிள்ளையைக் கலைத்துவிடு என்று சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. வரதட்சணை, நிலம், மாமியார், பக்கத்து வீட்டுக்காரியின் ஒரு வார்த்தை, அவ்வளவு போதுமானதாக இருந்தது. அவரவர் விருப்பம் என்று மேலே எழுதிவைத்துவிட்டு, கீழே எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளும் நெருக்கடி எப்படி வேலை செய்யும் என்பதை நாங்கள் ஒரு தலைமுறையாகப் பார்த்தவர்கள். ஜீன் சோதனை மலிவாகி எங்கள் ஊர் லேப் வரைக்கும் வரும் நாளில், ஆண் பிள்ளைக்குத் தவம் கிடக்கும் இதே ஊரில், கேரியர் வீட்டு ஆண் கருவுக்கும் அதே கதிதான் நடக்கும்.

பழி எப்போதும் பெண் மேல்தான் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் கசிவு வந்த நாளிலிருந்து அப்பாவைப் பெற்ற ஆயா என் அம்மாவை "விளங்காத வயிறு" என்றுதான் கூப்பிட்டாள், சாகும்வரை. என் கடைக்கு வரும் பெற்றோரிடம் பக்கத்தில் நிற்கிறவர்கள் முதலில் கேட்பது பிள்ளையின் பெயரை இல்லை. "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்பதைத்தான். சொந்தத்தில் கட்டுவதால் சில மரபு நோய்களுக்கு வாய்ப்பு கூடுவது உண்மை, அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதும்தான். ஹீமோபிலியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எங்களில் மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், ஜீனில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வருகிறது. ஆக, எத்தனை கருவைச் சோதித்தாலும் ஹீமோபிலியாக்காரர்கள் பிறந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்கள் பிறக்கிற ஊர் எப்படி இருக்கப்போகிறது?

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் மரபு நோயான சிக்கிள் செல் விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தில் பிரதமர் ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பழங்குடி மக்கள் வாழும் 17 மாநிலங்களில், தமிழ்நாடும் சேர்த்து, 40 வயது வரையிலான 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை, 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். நோய் உள்ளவர்களுக்கு வரும் வலி எலும்பைப் பிழியும் என்பார்கள். பரிசோதனை வேண்டும், சந்தேகமில்லை. ஹைட்ராக்ஸியூரியா போன்ற விலை குறைந்த மாத்திரை தவறாமல் கிடைத்தாலே பலருக்கு வலி வரும் நாட்கள் குறையும்.

என் கவலை எல்லாம் கணக்கெடுப்பில் இருக்கிறது. நோயோடு பிறந்த குழந்தைக்கு நல்ல மருத்துவம் கொடுத்து அறுபது வயதுவரை வாழவைத்தால், அந்த ஆள் பட்டியலில் நோயாளியாகவே இருப்பார். அப்படி ஒரு குழந்தை பிறக்காமலே போனால் பட்டியலில் ஒரு எண் குறையும். ஒழிப்பு என்று மட்டும் இலக்கு வைத்தால், காகிதத்தில் இரண்டாவதுதான் வெற்றியாகத் தெரியும். சோதனை செய்தவர்களுக்கு, நோய் உண்டா, கேரியரா என்று காட்டும் வண்ண அட்டை கொடுக்கிறார்கள். ஆணும் பெண்ணும் கல்யாணத்துக்கு முன்னால் அட்டையை ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது யோசனை. ஜாதகம் பார்க்கிற மாதிரிதான். சித்தேரியிலோ வத்தல்மலையிலோ ஒரு பெண்ணுக்குக் கேரியர் அட்டை வந்தால், அவளுக்கு அது மருத்துவக் காகிதம். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கோ தோஷம். கேரியராக இருப்பது நோய் இல்லை, ஆரோக்கியமாகவே வாழலாம் என்பதை அட்டையோடு சேர்த்து அந்த மலையில் யார் வீடு வீடாகப் போய்ச் சொல்வது? 1968இல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கிய மேதை, சிக்கிள் செல் ஜீன் உள்ள இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்தலாம் என்று எழுதினார், அப்போதுதான் இரண்டு கேரியர்கள் ஒருவரையொருவர் காதலிக்காமல் இருப்பார்களாம். இந்த நோயை மூலக்கூறு அளவில் முதலில் புரியவைத்தவரே அவர்தான். அவ்வளவு படித்தவருக்கும், குத்தப்படும் நெற்றிக்கு உரியவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

2025 நவம்பரில் தில்லியிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் ஒன்று, சிக்கிள் செல் நோய்க்கு உள்நாட்டிலேயே உருவாக்கிய ஜீன் திருத்த சிகிச்சையை அறிவித்திருக்கிறது. பிர்சா முண்டாவின் பெயரால் 'பிர்சா 101' என்று பெயர். மிகவும் சந்தோஷப்பட்டேன். இதே நோய்க்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கேஸ்ஜெவி என்ற ஜீன் திருத்த சிகிச்சைக்கு அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் விலை. ஒன்பதாம் ஃபேக்டர் குறைவதால் வரும் ஹீமோபிலியா பி-க்கு வந்த ஒரு ஜீன் சிகிச்சைக்கு 35 லட்சம் டாலர், நம் பணத்தில் சுமார் 30 கோடி ரூபாய். மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் சிகிச்சை கம்பெனி கைக்குப் போகும்போது, அரசு மருத்துவமனையில் அது என்ன விலைக்கு வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பழங்குடித் தலைவரின் பெயர் வைத்த மருந்து பழங்குடி வீட்டுக்கு எட்டாமல் போகக் கூடாது.

உயிரோடு இருக்கிற, கேட்டு வாங்குகிற ஒருவருடைய ரத்தத்தில் செய்யும் திருத்தம் அவரோடு முடிந்துபோகும். கருவிலேயே செய்யும் திருத்தம் தலைமுறை தலைமுறையாகப் போகும். 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற ஆய்வாளர் அதைச் செய்து, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க என்று காரணம் சொன்னார், அந்தக் குழந்தைகளைக் காக்க வேறு பாதுகாப்பான வழி ஏற்கெனவே இருந்தது. அவருக்கு மூன்றாண்டு சிறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை இங்கே அதைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடையைத் தளர்த்தும் பேச்சு என்றைக்காவது வந்தால், தமிழ்நாடு அரசு எங்களைக் கேட்காமல் கருத்துச் சொல்ல வேண்டாம்.

எல்லா முடக்கமும் ஜீனிலிருந்து வருவதில்லை என்பதற்கு எங்கள் மாவட்டங்களே சாட்சி. பாறைக்குள்ளிருந்து ஃபுளோரைடு கரைந்து போர்வெல் தண்ணீரில் கலந்து, ஊர் ஊராகப் பல் பழுப்பேறி, முதுகும் மூட்டும் இறுகிப் போனவர்கள் தர்மபுரிப் பக்கம் எத்தனை பேர்! என் கடைக்கு வரும் ஒரு பெரியவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. கூப்பிட்டால் உடம்பையே முழுசாகத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பார். விரல்ரேகை வைக்கும் கருவியை மேசையிலிருந்து எடுத்து அவர் கை இருக்கும் இடத்துக்கு நான்தான் கொண்டுபோவேன். அவர்களை யாரும் கருவிலேயே சோதித்து வடிகட்டவில்லை. ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய் செலவில், ஜப்பான் கடனும் வாங்கி, காவிரித் தண்ணீரை ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் கொண்டுவந்தார்கள். 2013இல் திட்டம் தொடங்கியது. ஊனத்துக்குக் காரணம் தண்ணீரில் இருந்தது, மாற்றியதும் தண்ணீரைத்தான். குழாய் வராத தெருக்கள், தண்ணீர் வராத நாட்கள் இன்னும் இருக்கின்றன, அது வேறு மடலில் எழுத வேண்டியது. ஜீன் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது இந்தக் குழாய்க்கான பணத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

கண்ணியம் என்ற சொல்லை நெறிமுறைகளில் நிறைய எழுதுகிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கான மருத்துவ முகாமுக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். ஹீமோபிலியா, தலசீமியா பிள்ளைகள் கசிவோ சோர்வோ இல்லாத நாளில் பார்க்க நன்றாகத்தான் இருப்பார்கள். "நல்லாத்தானே நடக்குற, உனக்கு எதுக்கு சதவீதம்?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டு அனுப்பப்பட்ட பையனுக்கு நான்தான் மறுபடி விண்ணப்பம் போட்டேன். பிறப்பதற்கு முன்னால், இவன் வாழ்க்கை முழுக்கக் கஷ்டம் என்கிறோம். பிறந்து வந்து உதவி கேட்டால், உனக்கு ஒன்றுமில்லை என்கிறோம். இரண்டையும் சொல்வது ஒரே மருத்துவத் துறைதான்.

ஆகவே உங்கள் இருவரிடமும் கேட்கிறேன். 6ஆம் பிரிவு சொல்லும் ஆராய்ச்சிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது கூடினார்கள், எதற்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதைத் தமிழில் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். ரத்த நோய்க்காரர்களும், தசைச்சிதைவு நோயோடு வாழ்கிறவர்களும், மலைக்கிராமத்துப் பெண்களும் அதில் இருக்கட்டும். கருவில் மரபுச் சோதனைக்கு அனுப்பும் ஒவ்வொரு மையத்திலும், சோதனைக்கு முன்பே கொடுக்க ஒரு தாள் தயார் செய்யுங்கள். அந்த நோய்க்கு இன்று என்ன சிகிச்சை, எங்கே இலவசம், அதோடு வாழும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அதை மருத்துவர்களும் அந்த நோயோடு வாழ்கிறவர்களும் சேர்ந்து எழுத வேண்டும். பேச விரும்பும் பெண்ணுக்கு அப்படி ஒரு குடும்பத்தோடு பேச ஏற்பாடு இருக்க வேண்டும். சிக்கிள் செல் அறிக்கையில், நோயோடு வாழ்கிறவர்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், மருந்து தடையில்லாமல் கிடைத்ததா என்பதைத் தனியாகக் காட்டுங்கள். 2025இல் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன இடம் தரச் சட்டம் போட்ட அரசு இது. பஞ்சாயத்தில் உட்காரத் தகுதி உள்ளவர்கள், தங்கள் உடம்பைப் பற்றிய கூட்டத்திலும் உட்காருவார்கள்.

குழுவின் முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சென்னையில் வைக்காமல் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வையுங்கள். தரைத்தளத்தில், சைகை மொழிபெயர்ப்பாளரோடு, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மாலைக்குள் வீடு திரும்பும் நேரத்தில் இருக்கட்டும். தேதியை ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். ஆட்களைத் திரட்டுவது, மனு எழுதிக் கொடுப்பது எல்லாம் என் கடையில் இலவசமாகச் செய்துகொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து,
ஹீமோபிலியாவோடு வாழும் ஒரு தகப்பன்